ஒளியால் ஒட்டும் தொழிலும் வன்னிப் பட்டறைகளும்

இரும்போடு இரும்பை இணைக்கும் வித்தை மனிதனுக்குப் புதியதன்று. உலையிலே பழுக்கக் காய்ந்த இரு துண்டுகளைப் பட்டடையின்மீது வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கிய கொல்லன் முதலாக, ஊதுகுழலால் ஊதிப் பற்றாசு பிடித்து நகை செய்யும் தட்டார் ஈறாக, மின்வில்லின் சுவாலையிலே கம்பியை உருக்கி இறக்கும் இன்றைய பட்டறை இளைஞன் வரையில், செய்தொழில் ஒன்றே. வெப்பத்தைக் கையாளும் வகைதான் வேறு. நூல்களிலே இதனைக் காய்ச்சியிணைத்தல் என்பர். பற்றவைத்தல் என்பாரும் உளர். நம் மக்கள் வெல்டிங் என்றே வழங்குவர். பெயர் எதுவாயினும் ஆகுக. இன்று அத்தொழிலிலே தீயின் இடத்தில் ஒளி வந்து அமர்ந்திருக்கின்றது. லேசர் என்னும் ஒளிக்கற்றையால் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை பெருந்தொழிற்சாலைகளிலே நெடுங்காலமாக நிலைபெற்று, இப்பொழுது கையிலேந்திச் செய்யத்தக்க சிறு கருவியாகவும் சந்தைக்கு வந்துவிட்டது. கண்டி வீதியோரத்துப் பட்டறைகள் அதனை வாங்கத் தலைப்படுமாயின் வியப்பதற்கில்லை. அதற்கு முன்னரே அக்கருவியின் குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கி, அதனை எங்கே, எவர் கையில், எவ்வாறு வரவேற்பது என்று வன்னியிலுள்ள நாம் ஒரு முடிவுக்கு வருதல் நன்று. பழைய மாணவருட் பலர் ஊருக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்று நினைக்கும் இவ்விழாக் காலம் அதற்கு ஏற்ற தருணமென எண்ணுகின்றேன்.

ஒளியைத் தூண்டிப் பெருக்கலாம் என்பதற்கான அடிப்படைக் கருத்தை 1917ஆம் ஆண்டிலேயே வெளியிட்டவர் ஐன்ஸ்டைன். அது கருவியாக உருப்பெற 43 ஆண்டுகள் சென்றன. 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், கலிபோர்னியாவிலே மலிபு என்னுமிடத்திலிருந்த ஹியூஸ் ஆராய்ச்சிக்கூடத்தில், தியடோர் மைமன் என்னும் விஞ்ஞானி இளஞ்சிவப்பு மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழச் செய்தார். விடை கிடைத்துவிட்டது, இனி அதற்கேற்ற வினாவைத்தான் தேடவேண்டும் என்று அந்நாளிலே நகையாடினர். அடுக்கி வைத்த ஜில்லெட் சவர அலகுகளில் எத்தனையை ஓர் ஒளிக்கற்றை துளைக்கின்றது என்று எண்ணி, அதன் வலிமையை அளந்த காலமும் அதுவே. பின்னர் 1990ஆம் ஆண்டில் அதே நிறுவனம் சென்சர் என்னும் சவரக் கருவியை விற்பனைக்கு விட்டபோது, அதன் மெல்லிய அலகுகள் லேசரினாலேயே ஒட்டப்பட்டிருந்தன. வினா கிடைத்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சுவையான சான்று வேண்டுவதில்லை.

பட்டறைக்குப் போதிய வலுவை லேசருக்கு முதலில் தந்தவர் நம் அயல்நாட்டவரே. மகாராட்டிரத்துப் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1964ஆம் ஆண்டில் காபனீரொட்சைட்டு வாயு லேசரை ஆக்கினார். தகடு வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் பல ஆண்டுகள் அதுவே அரசோச்சியது. இந்நூற்றாண்டிலே அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது நார் லேசர். தலைமயிர் போன்ற கண்ணாடி நாருக்குள்ளேயே ஒளியைப் பெருக்கி, அந்நாரின் வழியாகவே வேலை செய்யுமிடத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பு அது. வாயு லேசர் தான் உண்ட மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கையே ஒளியாகத் தந்தது. நார் லேசரோ மூன்றிலொரு பங்கை அல்லது அதற்கு மேலும் தருகின்றது. கருவி சிறுத்ததற்கும் விலை இறங்கியதற்கும் இது முதற் காரணம்.

அதன் தொழிற்பாட்டைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் நன்மையும் தீமையும் ஒரே மூலத்திலிருந்தே பிறக்கின்றன. கையேந்து கருவியொன்றின் ஒளிவலு 1500 வாற்று என்று கொள்வோம். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலும் ஏறக்குறைய அவ்வளவு வலுவையே கொள்ளும். ஆயின் அந்த 1500 வாற்றும் 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு புள்ளியிற் குவியுமாயின், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 48 இலட்சம் வாற்று என்ற செறிவு உண்டாகும். நம் தலையிற் படும் நண்பகல் வெயிலின் செறிவு 0.1 வாற்று அளவினது. ஆகவே பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசி எரித்த சிறுவர் விளையாட்டே இங்கு வெயிலின் ஐந்து கோடி மடங்கு வலிமையோடு நடைபெறுகின்றது எனலாம்.

செறிவு ஒரு சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சம் வாற்று என்ற அளவை எட்டும்போது உலோகம் உருகுவதோடு நில்லாது ஆவியாகின்றது. அவ்வாவியின் அமுக்கம் உருகிய குழம்பை விலக்கித் தகட்டுக்குள் ஒடுங்கிய ஆழ்துளையொன்றை உண்டாக்கும். சாவித்துவாரம் என்று அதனை அழைப்பர். உட்புகுந்த ஒளி துளையின் சுவர்களிலே மோதி மோதி அங்கேயே விழுங்கப்படும். கற்றை முன்னே நகர, குழம்பு அதனைச் சுற்றியோடிப் பின்னே மூடி உறையும். அகலத்திற் சிறிதும் ஆழத்திற் பெரிதுமான ஒட்டு இவ்வாறு உண்டாகின்றது. சுற்றுப்புறம் அதிகம் சூடேறாமையால் மெல்லிய தகடு வளைவதில்லை, நிறம் மாறுவதும் குறைவு. மின்வில்லினால் மெல்லிய தகட்டை ஒட்டி, அது அப்பளம்போல் நெளிந்ததைக் கண்டு மனம் நொந்தவர் எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

இக்குணத்தைக் கொண்டு உலகம் செய்துகொண்ட பயன்கள் பல. 1985ஆம் ஆண்டில் ஜேர்மனியின் திசன் நிறுவனம் தகடுகளை லேசரால் ஒட்டி அவுடி மோட்டார் வாகனத்துக்கு வழங்கியது முதல், வலிமை வேண்டிய இடத்தில் தடித்த தகடும் ஏனைய இடத்தில் மெல்லிய தகடும் ஒரே துண்டாய் அமைக்கும் முறை வாகனக் கைத்தொழிலிலே வேரூன்றிற்று. 2003இல் சேவைக்கு வந்த எயர்பஸ் 318 விமானத்தின் கீழுடற் பகுதிகள் சிலவற்றில், ஆயிரக்கணக்கான தறையாணிகளுக்குப் பதிலாக லேசர் ஒட்டே இடம்பெற்றது; எடை அம்மட்டிற் குறைந்தது. இதயத்துடிப்பைச் சீராக்க மார்பினுள்ளே பொருத்தப்படும் சிறு கருவியின் தைற்றேனியக் கூட்டை, உள்ளேயுள்ள மின்னணு உறுப்புகள் சூடேறாமல் காற்றுப்புகா வண்ணம் மூடுவதும் லேசரே. மின்சார வாகனங்களின் மின்கலங்களில் செம்பை ஒட்டுவது மாத்திரம் நெடுநாள் தொல்லையாயிருந்தது. கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிரைச் செம்பு பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடும். நீல ஒளியையோ விரும்பி விழுங்கும். ஆதலால் நீல லேசர்கள் அப்பணிக்கு வந்துள்ளன. நகைத் தொழிலிலும், கல் பதித்த மோதிரத்தைக் கல்லைக் கழற்றாமலே திருத்துவதற்கு இக்கருவி உதவுகின்றது. ஒருவகையில் இது கொல்லன் உலையின் வாரிசன்று; தட்டாருடைய ஊதுகுழலின் வாரிசு. சிறிய இடம், சுத்தமான பொருள், நுட்பமான பொருத்தம் ஆகியவற்றையே அது வேண்டி நிற்கின்றது.

நிற்க. நம்முடைய நாட்டுப்புறத்துக்கு வருவோம்.

வன்னியின் இரும்புத் தொழில் பெரும்பாலும் பழுதுபார்க்கும் தொழில். காலபோகம் தொடங்குமுன் உழவு இயந்திரத்தின் கலப்பையும் இரும்புச் சில்லும் பட்டறைக்கு வரும்; அறுவடைக்குப் பின் இழுவைப் பெட்டி வரும்; இடையிலே நீர்ப்பம்பியும் படலைகளும் யன்னற் கம்பிகளும் வரும். 1990இன் பின்னான பொருளாதாரத் தடைக் காலத்திலே, இரும்பும் எரிபொருளும் மின்கலமும் மறுக்கப்பட்டு, மின்சாரம் என்பதே இல்லாதிருந்த ஆண்டுகளில், இருந்ததைக் கொண்டு இயந்திரங்களை ஓடச்செய்த கைகள் இவை. அத்திறமையை நான் குறைத்து மதிப்பவனல்லன். பிற இடங்களிலே கழித்தெறியும் உறுப்பை உயிர்ப்பித்துக் கொடுத்த திறமை அது. ஆயினும் அத்திறமையின் இயல்பு எது என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இடைவெளியை நிரப்புதல், துருவைத் தாண்டி ஒட்டுதல், பொருந்தாததைப் பொருத்துதல் ஆகியனவே அதன் பெருமை.

லேசர் இம்மூன்றையும் பொறுக்காது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுவதாயின், அவற்றுக்கிடையே பத்திலொரு மில்லிமீற்றர், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்புக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது என்பது பொதுவிதி. கற்றை அவ்விடைவெளியினூடே வீணாய்ப் போய்விடும். கையேந்து கருவிகளிலே கற்றையை இருபுறமும் ஆட்டியும், கம்பி ஊட்டியும் இக்குறையைச் சிறிது தணிக்கின்றனர், முற்றாக நீக்கமுடிவதில்லை. துருவும் எண்ணெயும் நாகப்பூச்சும் ஒட்டினுள்ளே ஆவியாகிக் குமிழிகளை விடும். ஆகவே சேற்றிலே உழுது வந்த கலப்பைக்கும், தடித்த இரும்பினாலான இழுவைப் பெட்டியின் கொழுவிக்கும் மின்வில்லே இன்றும் தகுந்தது. அதனைக் கைவிட்டு லேசரை நாடுவது அறியாமை. விற்பனையாளர் சில நாட்களிலேயே எவரும் பழகிக்கொள்ளலாம் என்பர். மேற்புறம் வழவழப்பான ஒட்டை இடுவதற்குச் சில நாட்கள் போதும் என்பது மெய்தான். அவ்வொட்டு உள்ளே இறங்கியிருக்கின்றதா என்பதை அறிவதற்குத்தான் படிப்பும் பரிசோதனையும் தேவைப்படுகின்றன. படலை ஒன்றின் ஒட்டு விட்டுப்போனால் படலை சாயும். வயல்வேலை முடித்துப் பத்துப் பேர் ஏறிவரும் இழுவைப் பெட்டியின் கொழுவி விட்டுப்போனால் நிகழ்வதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் வன்னிக்கு இது வேண்டாத பொருளோ என்று கேட்கலாம். அவ்வாறு கூறேன். துருப்பிடியா உருக்குத் தகடு பயன்படும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பால் சேகரிக்கும் தாங்கி, அரிசி ஆலையின் கொள்கலன், மீன் பதனிடும் மேசை, பழமும் பனம்பொருளும் பதப்படுத்தும் பாத்திரங்கள் ஆகியன யாவும் மெல்லிய தகட்டினாலானவை. உட்புறம் வழவழப்பாகவும் கழுவுதற்கு இலகுவாகவும் இருக்கவேண்டியவை. நெல்லும் பாலும் மீனும் மிகுந்த நாடு இது. இவற்றைப் பதப்படுத்தும் கலங்களையேனும் இங்கேயே செய்துகொள்ளலாம் அன்றோ? போருக்குப் பின் வன்னிக்கு வந்த ஆடைத் தொழிற்சாலைகள் துணியைத் தைக்கும் வேலையைத் தந்தன. உலோகத்தைத் தைக்கும் வேலை இன்னும் பழுதுபார்க்கும் நிலையைப் பெரிதும் தாண்டவில்லை. பரந்தனிலே 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த காலத்தில், அதன் குழாய்களையும் தாங்கிகளையும் பேணும் தேவை பல கைகளுக்குத் தொழில் பழக்கிற்று. போரினால் அது அழிந்தபோது உற்பத்தியோடு அப்பழக்கமும் போயிற்று. மெல்லிய தகட்டு வேலையை ஒழுங்காகச் செய்யும் நான்கைந்து பட்டறைகள் மாவட்டந்தோறும் உண்டாகுமாயின், அந்நட்டத்தின் ஒரு பகுதியையாவது ஈடுசெய்யலாம்.

ஆயினும் தெருவோரத்துத் திறந்த பட்டறையிலே கையேந்து லேசர் வேலைசெய்வதை நான் வன்மையாக எதிர்க்கின்றேன். காரணம் கண்.

மின்வில்லைப் பாதுகாப்பின்றிப் பார்த்தவனுக்கு அன்றிரவு கண்ணுள் மணல் கொட்டினாற் போன்ற வேதனை உண்டாகும். ஊதாக்கடந்த கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுட்டதன் விளைவு அது. பெரும்பாலும் இரண்டொரு நாளில் ஆறிவிடும். இதனாலேயே நம் பட்டறைகளில், கண்ணாடி போடாமல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒட்டும் துணிச்சல் வளர்ந்திருக்கின்றது. நார் லேசரின் ஒளி வேறு இயல்பினது. அதன் அலைநீளம் 1.07 மைக்கிரோமீற்றர் அளவு, கண்ணுக்குத் தோன்றாது. தோன்றாமையால் இமை மூடாது, முகம் திரும்பாது. ஆனால் கண்ணின் வில்லை அதனைத் தன் வழக்கப்படி குவித்து விழித்திரையிற் சேர்ப்பிக்கும். அங்கே அதன் செறிவு ஓர் இலட்சம் மடங்கு வரை ஏறலாம். சுட்டெரிந்த விழித்திரை மீள முளைப்பதில்லை. பளபளப்பான தகட்டிற் பட்டுத் தெறித்த கற்றையே இத்தீங்கைச் செய்யவல்லது. பட்டறையிலே கிடக்கும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது; அது மின்வில்லுக்கென்று செய்யப்பட்டது. அந்த அலைநீளத்துக்கென்றே அமைந்து, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடாத கண்ணாடி வேண்டும். வேலைசெய்பவன் அதனை அணிந்தாலும் போதாது. வாசலில் நிற்கும் உழவு இயந்திரச் சொந்தக்காரரும், சைக்கிளிலே பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் அதனை அணிந்திருக்கப் போவதில்லையே.

நல்ல கருவிகளிலே, முனை தகட்டைத் தொட்டாலன்றி ஒளி பிறவாதவாறு ஒரு தடை அமைத்திருக்கின்றனர். வேலைக்கு இடைஞ்சலென்று கம்பியொன்றைக் கட்டி அத்தடையைப் பயனற்றதாக்குவது எங்கும் நடக்கக்கூடியதே. நம் இளைஞரின் கைவன்மையை அறிந்தவர்கள், அது இங்கே முதல் வாரத்திலேயே நடக்கும் என்று கூறினால் நான் மறுக்கமாட்டேன். சட்டம் தடுக்குமோ எனில், இந்நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கம் உடையது. முதல் லேசர் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முந்தியது.

திருச்சிராப்பள்ளியின் வரலாறு இவ்விடத்திலே நமக்கு உதவும். பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை அங்கே 1965ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. பத்தாண்டு கழித்து, 1975இல், அதனோடு சேர்ந்தே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அத்தொழிற்சாலையிடம் வேலை ஏற்றுச் செய்யும் சிறு பட்டறைகள் சுற்றிலும் பெருகின. கொதிகலனின் ஒட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து ஏற்பாரில்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பர், குறை கண்டால் திருப்பியனுப்புவர். அக்கண்டிப்பே அவ்வூர்த் தொழிலாளரை வளர்த்தது என்பது என் துணிபு. ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தமையால், அதன் வேலை குறைந்த ஆண்டுகளிலே அப்பட்டறைகள் வாடியதும் உண்டு, அதையும் மறைக்கவேண்டியதில்லை. கருவிக்கு அருகே பயிற்சியும் பரிசோதனையும் ஒருங்கே இருத்தல் வேண்டும் என்பதே அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது.

நம்மிடம் அதற்கேற்ற இடம் இல்லாமலில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அதே அறிவியல் நகரில், ஜேர்மன் அரசின் உதவியோடு 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும் இருக்கின்றது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவற்றுள் ஒன்றிலே, நாற்புறமும் மூடிய அறைக்குள், கதவு திறந்த கணமே ஒளி நின்றுபோகும்படி அமைந்த லேசர் ஒட்டுக்கருவி ஒன்றை நிறுவி, அதனைப் பொதுப் பட்டறையாக நடத்தலாம். சிறு பட்டறைக்காரர் தம் தகடுகளை வெட்டிப் பொருத்திக் கொண்டுவந்து, கூலி கொடுத்து ஒட்டுவித்துப் போகட்டும். பொருத்தம் பிழையாயின் திருப்பியனுப்பப்படட்டும். இரண்டாம் முறை திருத்தமாக வரும். அங்கே பயின்று தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற பின்னர், தக்க மறைப்பும் கண்ணாடியும் உடைய ஒருவர் தமக்கெனச் சொந்தமாக வாங்குவாராயின் அதனை வாழ்த்தி வரவேற்போம்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊரிலுள்ள தம்பிக்கோ மருமகனுக்கோ தொழில் தொடங்க உதவுவோம் என்று எண்ணி, இக்கருவியைப் பெட்டியிலிட்டு அனுப்பும் ஆசை உங்களுக்கு உண்டாகக்கூடும். நீங்கள் வாழும் நாட்டிலே அக்கருவி எத்தகைய அறைக்குள், எத்தகைய அறிவிப்புப் பலகையின் பின்னே வைக்கப்பட்டிருக்கின்றது என்பதைச் சென்று பாருங்கள். அவ்வறையையும் சேர்த்து அனுப்ப முடியாவிடின் கருவியை அனுப்பாதீர்கள். அப்பணத்தைக் கொண்டு இருவரை முறையாகப் படிப்பிக்கலாம்.

கல்லூரி செய்யத்தக்கது இன்னும் எளிது. உயர்தர வகுப்பிலே 2013 முதல் தொழினுட்பப் பாடத்துறை இந்நாட்டில் நடைபெற்று வருகின்றது. அதிலே பயிலும் மாணவருக்கு லேசர் தேவையில்லை. திருத்தமான வேணியர் இடுக்கிமானிகள் இருபதும், இடைவெளி அளக்கும் தகட்டுமானிகள் சிலவும், நல்ல அரங்களும் போதும். இவையெல்லாம் விழாப் பந்தலின் செலவுக்குள் அடங்கிவிடும் என்பது என் மதிப்பு. இரு தகடுகளை வெட்டி, அராவி, விளிம்போடு விளிம்பு வைத்து, இடையிலே பத்திலொரு மில்லிமீற்றர் தகட்டுமானி நுழையாதிருக்கும் வரை மாணவர் மீண்டும் மீண்டும் அராவட்டும். ஒரு தவணைக்கு அதுவே போதிய வேலை.